இரும்பா, கரியா, மின்சாரமா? வீட்டில் ஹிபாச்சி சமைக்க ஒரு வழிகாட்டி

ஹிபாச்சி சமையலை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த அடுப்பு வாங்கலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் சாப்பிட ஆசைப்படுவது எதை? வெங்காயமும் சுக்கினியும் இறாலும் சோறும் அகன்ற இரும்புத் தட்டில் பூண்டு வெண்ணெயோடு சீறிக்கொண்டு வதங்கி வருமே, அந்தச் சாப்பாட்டையா? அல்லது கம்பிவலையின்மேல் கங்குச் சூட்டில் வெந்து, கொழுப்பு சொட்டி, விளிம்பு லேசாகக் கருகிய கோழியையும் மீனையுமா? கடைகளில் இரண்டையும் ஹிபாச்சி என்றே விற்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் சாமான் வேறு, தேவைப்படும் இடம் வேறு, சுவையும் வேறு. இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போனால் பணம் வீணாகும்.

குழப்பத்துக்குக் காரணம் அமெரிக்கா. ஜப்பானில் ஹிபாச்சி என்பது அந்தக் காலத்தில் வீடுகளில் குளிர்காய்வதற்கு வைத்திருந்த சாதனம். பீங்கான் பானையிலோ தகடு பதித்த மரப்பெட்டியிலோ சாம்பலை நிரப்பி, நடுவில் நாலைந்து கங்குகளை வைத்து, கைகளைக் காட்டிச் சூடேற்றிக்கொள்வார்கள். மேலே இரும்பு முக்காலி போட்டுத் தண்ணீர்க் கெண்டியை வைப்பதும் உண்டு. முழுச் சமையல் அதில் நடந்ததில்லை. கரியில் சுட்டுச் சாப்பிட அவர்களிடம் ஷிச்சிரின் என்ற தனி அடுப்பு இருக்கிறது. சாப்பிடுகிறவர்களின் கண்ணெதிரே இரும்புத் தட்டில் சமைப்பதற்குப் பெயர் தெப்பன்யாகி. கோபே நகரில் 1945இல் தொடங்கிய மிசோனோ என்ற உணவகத்தை அதன் முன்னோடியாகச் சொல்கிறார்கள். 1964இல், மல்யுத்த வீரராக அமெரிக்கா வந்த ரோக்கி ஆவோகி நியூயார்க்கில் பெனிஹானாவைத் திறந்தார். கரண்டிகளைச் சுழற்றும் சமையல்காரரும், வெங்காய வளையங்களை அடுக்கிக் கொளுத்தும் எரிமலையும் அங்கிருந்து பரவின. அந்தச் சாப்பாட்டுக்கு அமெரிக்கர்கள் ஹிபாச்சி என்ற பெயரைக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே உணவகத்தில் சாப்பிட்ட 'ஹிபாச்சி இறால், ஹிபாச்சி சோறு' நினைவோடு வருகிறவர்களுக்குத் தேவை ஒரு நல்ல இரும்புத் தட்டு மட்டுமே. கரியடுப்பு வேண்டாம்.

தட்டில் பார்க்க வேண்டியது விலையையோ பிராண்டையோ அல்ல, கனத்தை. உணவகங்களில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள எஃகுத் தட்டுகளை வைத்திருக்கிறார்கள். ஏன் அவ்வளவு கனம்? சிறு கணக்கு ஒன்று போட்டால் விளங்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த 300 கிராம் இறாலை வேகும் பக்குவமான 60 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 60 கிலோஜூல் வெப்பம் தேவை. இரண்டரைக் கிலோ எடையுள்ள இரும்புத் தட்டு 230 டிகிரியிலிருந்து 150 டிகிரிக்கு இறங்குவதற்குள் ஏறக்குறைய 90 கிலோஜூல் கொடுத்துவிடும். அதாவது, கீழே எரியும் நெருப்பின் உதவி இல்லாமலே அந்தத் தட்டு இறாலை வேகவைக்கும், அப்போதும் அது சிவக்கவைக்கும் சூட்டில்தான் இருக்கும். மாமிசமும் காய்கறியும் பொன்னிறமாகச் சிவக்க 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். 900 கிராம் எடையுள்ள மெல்லிய வாணலியின் இருப்போ 32 கிலோஜூல்தான். இறாலைக் கொட்டிய கணத்திலேயே சூடு விழுந்துவிடும், இறால் தண்ணீர் விடும், வறுபட வேண்டியது வெந்து சொதசொதப்பாக வந்து நிற்கும்.

தண்ணீர்தான் இந்தச் சமையலுக்குப் பெரிய எதிரி. கழுவிய இறாலில் ஒட்டியிருக்கும் 10 மில்லி தண்ணீர் ஆவியாக மட்டும் 25 கிலோஜூல் போய்விடும். எனவே துணியால் ஒற்றி எடுக்காத இறாலை எவ்வளவு நல்ல தட்டும் காப்பாற்றாது. இறாலை நன்றாகத் துடைத்து, உப்புத் தூவி, ஒன்றையொன்று தொடாமல் வைத்துப் பாருங்கள். முதலில் சத்தம் கூர்மையாக, உயரமாக இருக்கும். அரை நிமிடத்தில் அடிப்பக்க விளிம்பு ஆரஞ்சு நிறமாகி, அந்த நிறம் மெல்ல மேலே ஏறும். பாதி உயரம் ஏறியதும் திருப்பிப் போட வேண்டும். அப்போது அடியில் தவிட்டு நிறத்தில் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தால் உங்கள் தட்டும் சூடும் சரி. இறாலைச் சுற்றி வெளுத்த நீர் கோத்து, சத்தம் அடங்கிப் போயிருந்தால் அந்தத் தட்டில் அடுத்த தடவை பாதி அளவு மட்டும் போட வேண்டும்.

இனி தெரிவுகளைப் பார்ப்போம். நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் வார்ப்பிரும்புத் தோசைக்கல்லிலிருந்தே தொடங்கலாம். சமதளமாக, 28 சென்டிமீட்டர் அகலத்தில், இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் அது இந்தச் சமையலுக்கு முழுத் தகுதி உள்ள தட்டு. வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் சுமார் 2 கிலோவாட் கொடுக்கும். அதில் பாதிக்கு மேல் காற்றோடு போனாலும், மிச்சம் குவிவது 600 சதுர சென்டிமீட்டர் பரப்பில்தான். இந்த விகிதம் கொல்லைப்புறத்தில் வைக்கும் பெரிய கேஸ் தட்டுகளுக்கு ஏறக்குறைய சமம். அமெரிக்காவில் பிளாக்ஸ்டோன் போன்ற நிறுவனங்கள் விற்கும் 36 அங்குலத் தட்டு நான்கு பர்னரில் 60,000 பிடியூ, அதாவது சுமார் 17.5 கிலோவாட் தருகிறது. ஆனால் அதன் பரப்பும் எட்டு மடங்கு. ஆக, தோசைக்கல்லில் குறைவது இடம்தான், சூடு அல்ல. இரண்டு பேருக்கு ஒரு ஈடு, நான்கு பேருக்கு இரண்டு ஈடு என்று போட்டால் உணவகத்து வறுவல் கிடைக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தினமும் தோசை வார்க்கும் கல்லை இதற்கு எடுக்காதீர்கள். மீன், இறால் வாசனை பழக்கிய கல்லில் ஏறிவிடும். சோயா சாஸில் இருக்கும் சர்க்கரை கருகிப் பிடித்தால் மறுநாள் தோசை எழும்பாது. அசைவத்துக்கென்று தனிக் கல் வைத்திருக்கும் வீடுகளில் அந்தக் கல்லே போதும். புதிதாக வாங்குகிறவர்கள் சுற்றிலும் ஒரு விரற்கடை விளிம்பு எழும்பிய வார்ப்பிரும்புத் தட்டாகப் பார்த்து வாங்கினால் காய்கறி வழுக்கி அடுப்பில் விழாது, வெண்ணெயும் வழியாது. இரண்டு பர்னரை மூடும் நீளத் தட்டுகளும் உண்டு. அவற்றில் நடுப்பகுதி சூடாவதற்கு நேரம் பிடிக்கும், கால் மணி நேரமாவது மிதமான தீயில் காயவிட வேண்டும். அந்தப் பொறுமை இருந்தால் அவை அருமையானவை. நடுவில் சற்றுச் சூடு குறைவாக இருப்பதுகூட வசதிதான், வெந்ததை அங்கே ஒதுக்கி வைக்கலாம்.

நான்ஸ்டிக் தட்டு வேண்டாம். அதன் பூச்சு 260 டிகிரியைத் தாண்டினால் கெடத் தொடங்கும், காலியாகக் காயவைத்த தட்டு அந்தச் சூட்டைச் சீக்கிரமே எட்டிவிடும். இரும்புக் கரண்டியால் சுரண்டிக் கிளறுவதும் முடியாது. சுரண்டாமல் ஹிபாச்சி சோறு வராது. இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் தட்டை மிதமான அளவில் மெல்லச் சூடேற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் வைத்தால் காயிலுக்கு நேர் மேலே மட்டும் கொதிக்கும். மெல்லிய எஃகுத் தகடாக இருந்தால் நடுவில் புடைத்துக்கொண்டு, பிறகு எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும்.

மின்சார ஹாட் பிளேட் முற்றிலும் வேறு ரகம். ஜப்பானில் இது சாதாரண வீட்டுச் சாமான். ஜோஜிருஷி, டைகர் போன்ற நிறுவனங்கள் நெடுங்காலமாகச் செய்கின்றன. விடுமுறை நாளில் அதை மேசை நடுவில் வைத்து, மாமிசத் துண்டுகளை யாகினிகுவாகவோ, முட்டைக்கோஸ் கலந்த ஒகோனோமியாகியாகவோ, நூடுல்ஸை யாகிசோபாவாகவோ குடும்பமே சுற்றி உட்கார்ந்து சமைத்துச் சாப்பிடும். கரண்டி சுழற்றும் உணவகக் காட்சியைவிட இதுதான் ஜப்பானிய வீட்டுச் சமையலுக்கு நெருக்கமானது, இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். சமைப்பவர் அடுப்படியில் தனியாக நிற்க வேண்டியதில்லை என்பதே பெரிய விஷயம்.

ஆனால் அதன் பலம் எது, பலவீனம் எது என்று தெரிந்து வாங்க வேண்டும். 1,300 வாட் அளவிலான சூடு 1,500 சதுர சென்டிமீட்டருக்குப் பரவுகிறது. கேஸ்மேல் வைத்த கனத்த கல்லோடு ஒப்பிட்டால் பரப்புக்குக் கிடைக்கும் சூடு குறைவு, தட்டும் மெல்லியது. ஒரு கிண்ணம் காளானைக் கொட்டினால் தட்டு குளிர்ந்து, நீர் விட்டு, மீண்டும் சூடேற நேரம் பிடிக்கும். அதனால் ஹாட் பிளேட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, வெந்தது வெந்ததாக எடுத்துச் சாப்பிட வேண்டும். மெல்லிய கோழித் துண்டு, கத்திரிக்காய் வில்லை, டோஃபு, மாவுக் கலவை இதற்கெல்லாம் அது பிரமாதம். ஆறு பேருக்கான சோற்றை ஒரே மூச்சில் வறுக்க அது லாயக்கில்லை.

வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால் கவனம். ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. அவற்றை இந்தியாவிலோ இலங்கையிலோ சிங்கப்பூரிலோ உள்ள 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருவி எரிந்துபோகும். மாற்றிப் பயன்படுத்த டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் செலவில் இங்கேயே 230 வோல்ட் தட்டு வாங்கிவிடலாம். அதற்கும் 16 ஆம்பியர் சாக்கெட்டே நல்லது.

மேசைமேல் நெருப்பும் வேண்டும் என்பவர்களுக்கு உருளைக் குப்பியில் அடைத்த பியூட்டேன் கேஸ் அடுப்பு இருக்கிறது. இவாதானி நிறுவனம் இதை 1969இல் ஜப்பானில் அறிமுகப்படுத்தியது. அதன் பெரிய மாடல்கள் 3.5 கிலோவாட்டுக்கு மேலும் தரும், வார்ப்பிரும்புத் தட்டை விறுவிறுவென்று காயவைக்கும். ஆனால் கேஸ் குப்பி அடுப்பின் பக்கவாட்டு அறைக்குள்ளேயே இருக்கிறது. பெரிய தட்டு அந்த அறையின் மேல் நீட்டிக்கொண்டிருந்தால் தட்டின் சூடு கீழே இறங்கி, குப்பியின் அழுத்தம் ஏறி வெடிக்கலாம். இரண்டு அடுப்புகளை ஒட்டி வைத்து ஒரே நீளத் தட்டைப் போடுவதும், அடுப்பின்மேல் கரி பற்றவைப்பதும் அதே ஆபத்து. ஹிபாச்சிக்குப் பெரிய தட்டு வேண்டும் என்ற ஆசையே இங்கே நம்மைத் தவறு செய்யத் தூண்டும். ஆகவே குப்பி அறைக்கு வெளியே நிற்கும் சிறு தட்டுக்கு மட்டும் இது சரி. இவாதானியின் யாகிமாரு என்ற அடுப்பில் மாமிசம் சுடும் தட்டின் சூட்டை 210 முதல் 250 டிகிரிக்குள் நிறுத்தி, சொட்டும் கொழுப்பைத் தண்ணீர்த் தட்டில் வாங்கிப் புகையைக் குறைக்கிறார்கள். அடுக்குமாடியில் யாகினிகு சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் தேடிப் பார்க்கலாம்.

இப்போது கரி. மொட்டை மாடியோ முற்றமோ தோட்டமோ இல்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம், அதில் வருத்தப்பட எதுவுமில்லை. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிவருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகையே வராத நல்ல கரியிலிருந்தும் அது வரும். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் உயிரிழந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். 'ஜப்பானில் பழைய வீடுகளுக்குள் வைத்தார்களே' என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வீடுகளில் காகிதக் கதவும் மரச்சட்டமும்தான், காற்று எந்நேரமும் ஊடாடும். கண்ணாடி ஜன்னலை இழுத்து மூடிய நம் அறைகள் அப்படியல்ல. வீட்டுக்குள் கரி கூடவே கூடாது. மூன்று பக்கம் அடைத்த பால்கனியும் வீட்டுக்குள் என்றே கணக்கு.

வெளியிடம் உள்ளவர்களுக்கு ஷிச்சிரின் ஒரு வரம். இஷிகாவா மாகாணத்தில் நோட்டோ தீபகற்பத்தின் முனையில் சுஸு என்ற ஊர் இருக்கிறது. அங்கே டயட்டம் என்னும் நுண்பாசிகளின் ஓடு படிந்து உண்டான மண்ணைப் பூமிக்கு அடியிலிருந்து கட்டியாகவே வெட்டியெடுத்து, அடுப்பு வடிவத்தில் செதுக்கிச் சுடுகிறார்கள். அந்த மண்ணுக்குள் கணக்கற்ற நுண்துளைகள் இருப்பதால் சூடு வெளியே ஓடாமல் உள்ளேயே திரும்பி அடிக்கும். கையளவு கரியில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். மண்ணைத் தூளாக்கி அச்சில் வார்த்துச் செய்யும் மலிவான வகையும் இருக்கிறது, அவ்வப்போது சமைக்கிறவர்களுக்கு அது போதும். அமெரிக்கக் கடைகளில் ஹிபாச்சி என்று கிடைக்கும் சிறிய வார்ப்பிரும்புக் கரியடுப்பு உறுதியானது, மண் அடுப்பைப்போல் எளிதில் நொறுங்காது. ஆனால் பக்கச் சுவர் வழியாகவே சூடு போய்விடும் என்பதால் கரி அதிகம் விழுங்கும்.

வட்ட ஷிச்சிரினா, நீளமானதா என்பது நீங்கள் எதைச் சுடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குச்சியில் கோத்த யாகிதோரி கோழிக்கு ஒடுங்கிய நீள அடுப்பு வேண்டும். அப்போதுதான் குச்சியின் இரு முனையும் சுவரில் தாங்கும், கைப்பிடி முனை எரியாது. முழு மீனுக்கும் காய்க்கும் வட்டமோ சதுரமோ போதும். இலையுதிர் காலத்தில் ஜப்பானியர்கள் சன்மா மீனை உப்புத் தூவி ஷிச்சிரினில் சுட்டு, துருவிய வெள்ளை முள்ளங்கியோடு சாப்பிடுவார்கள். நமக்குக் கிடைக்கும் அயிலையிலும் மத்தியிலும் அதே எண்ணெய்ச் சத்து இருக்கிறது, அதே மாதிரி சுடலாம்.

கரி என்றால் எல்லோரும் பிஞ்சோட்டான் என்பார்கள். வக்கயாமா பகுதியில் உபாமே ஓக் மரத்தை மெல்லச் சுட்டு, கடைசியில் 1,000 டிகிரிக்கு மேல் ஏற்றி வெளியே இழுத்துச் சாம்பல் மண்ணால் மூடி அணைத்த வெண்கரி அது. ஒன்றோடொன்று தட்டினால் உலோகம்போல் கணீரென்று ஒலிக்கும். புகையும் வாசனையும் மிகக் குறைவு, மணிக்கணக்கில் கனலும். ஆனால் பற்றவைக்க இருபது நிமிடத்துக்கு மேலாகும், அவசரப்பட்டுச் சூடேற்றினால் வெடித்துத் துண்டு தெறிக்கும். விலையும் அதிகம். தினம் நூறு குச்சி சுடும் கடைக்கு அது பொருந்தும். வீட்டில் மாதம் ஒரு முறை சுடுகிறவருக்குப் பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் செய்கிற தேங்காய்ச் சிரட்டைக் கரியே போதும், அதை நான் தயங்காமல் சொல்வேன். சூடு நன்றாக இருக்கும், புகை குறைவு. கட்டிகளாக அழுத்தியதில் எளிதில் பற்றும் திரவம் ஊறியதை மட்டும் வாங்காதீர்கள், மண்ணெண்ணெய் வாசனை மீனில் ஏறும். சமைத்து முடித்ததும் ஷிச்சிரின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊறிய மண் விரிசல் விட்டுவிடும். கங்குகளை இடுக்கியால் எடுத்து மூடியுள்ள இரும்புச் சட்டியில் போட்டு மூடினால் காற்றில்லாமல் அணையும், மிஞ்சியது அடுத்த முறைக்கு உதவும்.

அடுப்புக்கு இவ்வளவு யோசிக்கிறவர்கள் சோயா சாஸில் ஏமாந்துவிடுவார்கள். சோயாவும் கோதுமையும் சேர்த்து நொதிக்கவைத்த ஜப்பானிய சாஸ் வேண்டும். சீனச் சமையலுக்கான அடர் கறுப்புச் சாஸ் நிறமும் இனிப்பும் கூடியது, சூட்டில் சீக்கிரம் கசக்கும். எந்தச் சாஸாக இருந்தாலும் கடைசி அரை நிமிடத்தில் தட்டின் ஓரத்தில் ஊற்றிக் கொதித்ததும் கலக்க வேண்டும். வெண்ணெயும் அப்படியே. முதலில் தவிட்டு எண்ணெய்போல் சூடு தாங்கும் எண்ணெயில் வறுத்து, இறக்கும்போது பூண்டு நசுக்கிக் குழைத்த வெண்ணெயைச் சேர்த்தால் கருகாது.

உணவகத்தில் 'வெண்சாஸ்' என்று தரும் இளஞ்சிவப்புச் சாஸ் அமெரிக்கக் கண்டுபிடிப்பு, ஜப்பானில் தேடினால் கிடைக்காது. அரை கப் மயோனைஸ், ஒரு மேசைக்கரண்டி கெச்சப், ஒரு தேக்கரண்டி உருக்கிய வெண்ணெய், கொஞ்சம் பூண்டு விழுது, சர்க்கரை, நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள் கலந்து, தண்ணீர் விட்டுத் தளர்த்தினால் அதேதான். எனக்கு அதைவிட இஞ்சிச் சாஸ் உயர்வு. வெங்காயம், இஞ்சி இரண்டையும் துருவி, சோயா சாஸும் வினிகரும் எலுமிச்சைச் சாறும் விட்டு அரை மணி ஊறவைத்தது. சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புட்டியில் வரும் பல ஜப்பானிய சாஸ்களிலும் சூப் பொடிகளிலும் உலர்ந்த மீன் சாறு இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். டோஃபுவைக் கனமான பலகையின் கீழ் அரை மணி வைத்துத் தண்ணீர் பிழிந்தபின் போட்டால், இறாலுக்குச் சொன்ன அதே காரணத்தால், பொன்னிறமாகச் சிவக்கும்.

இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டுக்குக் கனத்த வார்ப்பிரும்புத் தட்டும் இரண்டு அகலக் கரண்டிகளும் போதும், வேறு எதையும் வாங்க வேண்டாம். உறவினர் கூடிச் சாப்பிடும் வீட்டுக்கு ஹாட் பிளேட்டை மேசையிலும் இரும்புத் தட்டை அடுப்பிலுமாக வைத்துக்கொள்ளலாம். சோறும் இறாலும் அடுப்பிலிருந்து வரட்டும், காய்களை மேசையில் அவரவர் வாட்டிக்கொள்ளட்டும். மாடியில் காற்றாட இடமும், கங்கு கனியும் வரை காத்திருக்கும் மனமும் உள்ளவருக்கு ஷிச்சிரின். பத்துப் பேருக்கு மேல் அடிக்கடி விருந்து நடக்கும், கொல்லை உள்ள வீட்டுக்கு மட்டுமே பெரிய கேஸ் தட்டு நியாயம்.

சிறு தட்டில் சமைக்கிறவர்கள் உணவகத்து வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே இடம் தாராளம் என்பதால் சோற்றை முன்னதாக வறுத்து ஓரத்தில் ஒதுக்குவார்கள். நாம் காய்களை முதலில், இறாலையோ கோழியையோ அடுத்து, சோற்றைக் கடைசியில் போட வேண்டும். முந்தைய நாள் வடித்துக் குளிர்பெட்டியில் வைத்த சோறு நல்லது, ஜப்பானியக் குட்டை அரிசி கிடைக்காவிட்டால் பொன்னிப் பச்சரிசி. 28 சென்டிமீட்டர் தட்டுக்கு இரண்டு கப் சோறுதான் அளவு. முட்டையை உடைத்து ஊற்றி அரைவேக்காட்டில் சோற்றைக் கொட்டிப் பரப்பி, ஒரு நிமிடம் கிளறாமல் விட்டு, பிறகு அடியோடு சுரண்டித் திருப்புங்கள். தட்டில் ஒட்டியிருக்கும் இறால் சாறும் பூண்டும் சோற்றோடு வந்துவிடும், தட்டைக் கழுவும் வேலையும் பாதி முடிந்துவிடும்.